பாட்டிலுக்குள் போன நேரம்

“சித்திக்கு மார்க்கர் நார்மல்னு வந்துட்டு டாக்டரம்மா. இனி பயமில்லல்லா?” திருநெல்வேலிச் சீமையில் மார்புக் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்த வீட்டுக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி பல நேரம் இதுதான். கேட்கிற பிள்ளையின் கையில் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்கும். சிஏ 15-3 என்று போட்டு 18 என்றோ 22 என்றோ ஓர் எண். பக்கத்திலேயே 30-க்குள் இருந்தால் சரி என்கிற அளவும் அச்சாகியிருக்கும். அதே பிளாஸ்டிக் கவருக்குள், ஸ்கேன் படத்துக்கும் காப்பீட்டு அட்டை ஜெராக்ஸுக்கும் நடுவில், நாலாக மடித்த இன்னொரு தாள் கிடக்கும். ஈஆர், பிஆர், ஹெர்-2, கேஐ-67 என்று நாலு வரி, கட்டியின் திசுவிலேயே செய்த நாலு சோதனை. சித்தியின் நோய் எந்தப் பக்கம் போகும், எந்த மருந்துக்குக் கேட்கும் என்று ஏதாவது சொல்லத் தெரிந்த தாள் அதுதான். அதை யாரும் நீட்டிக் கேட்பதில்லை. அந்த நாலு வரிக்கும் பின்னால் இருக்கிற கேள்வி இன்னொன்று: கட்டி எத்தனை மணிக்கு உடம்பை விட்டு வெளியே வந்தது, எத்தனை மணிக்கு, திசுவைக் கெடாமல் நிறுத்துகிற ஃபார்மலின் பாட்டிலுக்குள் போனது? அதை மருத்துவமனைக்காரர்கள் கேட்பதே அபூர்வம்.

முதலில் அந்த ரத்தச் சீட்டை ஓரமாக வைத்துவிடலாம். சிஏ 15-3 என்பது மார்பக செல்களின் மேற்பரப்பிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் கலக்கிற ஒரு புரதத்தின் அளவு. ஆரம்ப நிலைக் கட்டி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது எப்போதும் நார்மலாகவே இருக்கும். புற்றே இல்லாமல் ஈரல் கெட்டிருந்தாலும் ஏறும். நோய் எலும்புக்கோ ஈரலுக்கோ பரவியபின், கொடுக்கிற மருந்து வேலை செய்கிறதா என்று மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்க்க உதவும். ஆரம்ப நிலையில் சிகிச்சை முடித்து நல்லபடியாக இருக்கிறவர்களுக்கு மாதாமாதம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றுதான் உலக அளவிலான வழிகாட்டிகள் சொல்கின்றன. ஆக அந்த ‘நார்மல்’ நல்ல சேதியும் இல்லை, கெட்ட சேதியும் இல்லை. அது சேதியே இல்லை. ஆனால் ‘மார்க்கர்’, அதாவது நோயின் அடையாளம், என்ற ஒரே சொல் இரண்டு தாளிலும் ஒட்டிக்கொண்டதால், மலிவான சீட்டு மற்றதின் இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

திசு மார்க்கரிலும் இரண்டு வகை உண்டு. மருந்தே கொடுக்காமல் விட்டாலும் இந்த நோய் எப்படிப் போகும் என்று சொல்வது ஒன்று, அது முன்கணிப்பு. இந்த மருந்து இந்தக் கட்டிக்குக் கேட்குமா என்று சொல்வது மற்றது. ஈஆர் எனப்படும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி முன்கணிப்பில் சுமார்தான். ஆனால் ஹார்மோன் மாத்திரை கேட்குமா என்பதில் அதற்கு ஈடாக இன்னொன்று வரவில்லை. ஈஆர் பாசிட்டிவ் உள்ளவர்கள் 5 வருடம் டமாக்ஸிஃபென் சாப்பிட்டால், அடுத்த 15 வருடத்தில் மார்பகப் புற்றால் வரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஈஆர் நெகட்டிவ் என்றால் அதே மாத்திரையால் பலன் இல்லை. மாத்திரையின் விலை ஒரு நாள் டீக்காசுக்குள் அடங்கும். ஒரு தவறான ‘நெகட்டிவ்’ பறித்துக்கொண்டு போவது இந்த மாத்திரையைத்தான்.

பென்சிலால் போடுகிற கணக்கு

புதுப் புது மார்க்கர்களைப் பற்றிப் பேசுமுன், எந்த ஊரிலும் பென்சிலை வைத்துப் போடக்கூடிய ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் உருவானது. கட்டியின் அளவை சென்டிமீட்டரில் எடுத்து 0.2 ஆல் பெருக்கு. அக்குள் நெறிக்கட்டி ஒன்றிலும் நோய் இல்லையென்றால் 1, ஒன்று முதல் மூன்று வரை என்றால் 2, நாலும் அதற்கு மேலும் என்றால் 3 கூட்டு. கட்டியின் கிரேடு 1, 2, 3 எதுவோ அதையும் கூட்டு. மொத்தம் 3.4-க்குள் இருந்தால் நல்ல குழு, 5.4 வரை நடுத்தரம், அதற்கு மேல் கவலைக்குரியது. இரண்டரை சென்டிமீட்டர் கட்டி, இரண்டு நெறிக்கட்டியில் நோய், கிரேடு 3 என்றால் 0.5, 2, 3 சேர்ந்து 5.5. கவலைக்குரிய குழு. ஒரு காசு செலவில்லை.

இந்த எளிய கணக்கும் திசுவைக் கையாண்ட விதத்தைப் பொறுத்தே நிற்கிறது என்பது பலருக்கு உறைப்பதில்லை. கிரேடு போடும்போது மூன்று விஷயத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண் கொடுக்கிறார்கள்: குழாய்போல அமைந்திருக்கிறதா, செல் கருக்கள் எவ்வளவு தாறுமாறாக இருக்கின்றன, பிளந்துகொண்டிருக்கும் செல்கள் எத்தனை. கூட்டினால் 8, 9 வந்தால் கிரேடு 3. 6, 7 வந்தால் கிரேடு 2. கட்டியை ஃபார்மலினில் போடத் தாமதமானால், பிளந்துகொண்டிருந்த செல்கள் அடையாளம் தெரியாமல் போகும், எண்ணிக்கை குறையும். 8 என்பது 7 ஆகும், கிரேடு 3 என்பது 2 ஆகும், 5.5 என்பது 4.5 ஆகும். மேஜை மேல் வெறுமனே கிடந்த சில மணி நேரத்தில் ஒரு பெண் கவலைக்குரிய குழுவிலிருந்து நடுத்தரத்துக்கு ‘முன்னேறி’விடுகிறாள். நெறிக்கட்டிக் கணக்கும் அப்படியே. அக்குள் கொழுப்பைப் பொறுமையாகத் தடவித் தேடி 10-க்குக் குறையாமல் எடுத்துப் பார்த்து ‘ஒன்றிலும் இல்லை’ என்பதும், நாலே நாலைக் கண்டுபிடித்து ‘நாலிலும் இல்லை’ என்பதும் ஒன்றாகிவிடாது.

காணாமல் போன மார்க்கர்கள்

மார்பகப் புற்றில் முன்கணிப்பு மார்க்கர் என்று ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்திருக்கின்றன. தினப்படி சிகிச்சையில் தங்கியவை கைவிரலுக்குள் அடங்கும். கேதெப்சின் டி என்று ஒரு நொதி. 1990-இல் புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில், நெறிக்கட்டிக்குப் பரவாத கட்டிகளிலும் இது அதிகமிருந்தால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு கூடுகிறது என்று முடிவு வந்தது. அடுத்த சில வருடங்களில் ஆளாளுக்குச் சோதித்தார்கள். சிலருக்கு அப்படியே வந்தது, சிலருக்கு ஒன்றும் வரவில்லை, சிலருக்கு நேர் எதிராக வந்தது. ஒருவர் திசுவை அரைத்துச் சாறெடுத்து அளந்தார், இன்னொருவர் மெழுகில் பதித்த திசுத் துண்டில் நிறமேற்றிப் பார்த்தார். ஒருவர் புற்று செல்லில் உள்ளதை எண்ணினார், மற்றவர் சுற்றியிருக்கும் சதையில் உள்ளதையும் சேர்த்தார். 1996-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் மார்க்கர்களுக்கு முதன்முதலாக வழிகாட்டி வெளியிட்டபோது, சிகிச்சையைத் தீர்மானிக்க இதன் தரவு போதாது என்று ஒதுக்கி வைத்தது. ஒரே பெயரில் ஊருக்கு ஒன்றை அளந்துகொண்டிருந்தால் வேறென்ன வரும்?

இன்னொரு கோளாறு, கோடு கிழிப்பது. மார்க்கர் அளவு 1 முதல் 100 வரை எதுவாகவும் இருக்கலாம். ‘அதிகம்’, ‘குறைவு’ என்று பிரிக்க எங்கோ ஒரு கோடு வேண்டும். ஆய்வாளர் 10-இல் போட்டுப் பார்க்கிறார், வித்தியாசம் வரவில்லை. 15-இல், 20-இல் போட்டுப் பார்க்கிறார். 23-இல் அழகாகப் பிரிகிறது; 23 என்று எழுதிவிடுகிறார். விடைத்தாளைத் திருத்தி முடித்தபின் பாஸ் மார்க்கை நிர்ணயிக்கிற வேலை இது. தற்செயலால் வந்ததை உண்மை என்று நம்பிவிடும் வாய்ப்பு 5 சதம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். இப்படிக் கோட்டை நகர்த்தினால் அது 40 சதம் வரை போகும் என்று புள்ளியியலாளர் டக்ளஸ் ஆல்ட்மனும் கூட்டாளிகளும் 1994-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதே ஆல்ட்மன் பங்குகொண்ட குழுதான் 2005-இல் ‘ரிமார்க்’ என்ற 20 கூறு கொண்ட பட்டியலை வெளியிட்டது. மார்க்கர் ஆய்வு எழுதுகிற எவரும் இவற்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது ஏற்பாடு. அதில் நாலாவது கூறு: திசு என்ன, அதை எப்படிப் பதப்படுத்தினீர்கள், எப்படிச் சேமித்தீர்கள்?

நம் பக்கம் முதுகலை மருத்துவ மாணவர்கள் ஆய்வேட்டுக்கு எடுக்கிற தலைப்புகளில் இந்த மார்க்கர்கள் தவறாமல் வரும். 50 கட்டிகளை எடுத்து, ஏதோ ஒரு புரதத்துக்கு நிறமேற்றி, கிரேடு கூடக்கூட மார்க்கரும் கூடுகிறது என்று காட்டி, ‘முன்கணிப்பில் பங்குண்டு’ என்று முடித்துவிடுவார்கள். இது முன்கணிப்பு ஆகாது. முன்கணிப்பு என்றால் அந்த 50 பெண்களும் என்ன ஆனார்கள் என்று தெரிய வேண்டும். ஈஆர் இல்லாத கட்டிகள் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் மூன்று நான்கு வருடத்துக்குள் திரும்பும். ஈஆர் உள்ளவை 5 வருடம் மாத்திரை சாப்பிட்டு முடித்த பிறகும் 20 வருடம் வரை ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருக்கின்றன என்று 2017-இல் பெரிய தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. மூன்று வருடப் படிப்பில் இதைப் பிடிக்க முடியாது. மாணவரைக் குறை சொல்லியும் பயனில்லை. முக்கூடலில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவர் மகன் வேலை பார்க்கும் திருப்பூருக்குப் போயிருப்பார். கொடுத்த கைபேசி எண் மருமகனுடையதாக இருக்கும், அதுவும் மாறியிருக்கும். ஆய்வுக்கூடத்துக்கு ஒரு புது ஆன்டிபாடி (தேடுகிற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் பொருள்) வாங்குகிற பணத்தில், வருடம் ஒருமுறை போன் போட்டு விசாரிக்க ஓர் ஆளை வைத்தால் இந்த ஊரிலிருந்து நல்ல ஆராய்ச்சி வரும் என்பது என் கட்சி.

ஆராய்ச்சியில் ஜெயித்தும் தோற்ற மார்க்கர் ஒன்றும் உண்டு: யுபிஏ, பிஏஐ-1 என்ற புரத ஜோடி. நெறிக்கட்டிக்குப் பரவாத நோயில் இரண்டும் குறைவாக இருந்தால் கீமோ இல்லாமலே சமாளிக்கலாம் என்பதற்கு உயர்தரச் சான்று இருந்தது. ஜெர்மனியில் பயன்படுத்தினார்கள். மற்ற இடங்களில் பரவவில்லை, ஏனென்றால் அதற்கு ஃபார்மலின் படாத பச்சைத் திசு வேண்டும், உடனே உறைய வைக்க வேண்டும். திரவ நைட்ரஜன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருக்க யாருக்கு முடியும்?

கருவாடு தெரிந்தவர்களுக்குச் சொல்வதென்றால்

இனி அந்த பாட்டிலுக்கு வரலாம். உவரியிலோ கூத்தங்குழியிலோ பெரிய மீனைக் கருவாடு போடுகிறவர்கள் மீனைக் கீறாமல் உப்புக்குள் போடமாட்டார்கள். முழுசாகப் போட்டால் மேலே உப்பேறும், நடுவில் நாறும். மார்பை முழுதாக எடுத்து, கீறாமல், ஒரு பாட்டிலில் திணித்து ஃபார்மலின் ஊற்றினால் நடப்பதும் அதேதான். ஃபார்மலின் திசுவுக்குள் நுழைவது மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். நுழைந்தால் மட்டும் போதாது, புரதங்களைப் பிணைத்து நிறுத்த இன்னும் பல மணி நேரம் வேண்டும். மேல்தோலிலிருந்து நாலு சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிற கட்டிக்கு அது போய்ச் சேருமுன், செல்லின் சொந்த நொதிகளே அதைத் தின்ன ஆரம்பித்திருக்கும். சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், இன்னும் வேகமாக. ஈஆர் குறையும், அதைவிட விரைவாக பிஆர் எனப்படும் புரோஜெஸ்டிரோன் ஏற்பி குறையும்.

விதி எளிதானது. உடம்பை விட்டு வெளியே வந்து ஒரு மணி நேரத்துக்குள் கட்டி ஃபார்மலினில் இருக்க வேண்டும். 5 முதல் 10 மில்லிமீட்டர் கனத்துக்குத் துண்டு போட்டு, துண்டுகளுக்கிடையே காஸ் துணி வைத்து, திசுவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின் ஊற்ற வேண்டும். 600 கிராம் மார்பு என்றால் 6 லிட்டர். ஹார்லிக்ஸ் பாட்டிலில் அது நடக்காது. மூடி போட்ட வாளி வேண்டும். வாய் குறுகிய பாட்டிலில் வேறொரு தொல்லையும் உண்டு: மெத்தென்று இருக்கும்போது உள்ளே போன சதை விறைத்தபின் வெளியே வராது, பாட்டிலை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் அது ஊற வேண்டும். ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை வெள்ளிக்கிழமை விழுகிற வருடம், வியாழன் சாயங்காலம் ஆபரேஷன் நடந்தால் திங்கள் சாயங்காலம் வரை 96 மணி நேரம் ஆகிவிடும். ஆனாலும் கூடுதலாக ஊறுவது குறைவாக ஊறுவதைவிடப் பரவாயில்லை. அவசரம் அவசரமாக மூன்று மணி நேரத்தில் எடுத்துப் பதப்படுத்தும் கருவிக்குள் போட்டால்தான் ஆபத்து அதிகம்: நடுப்பகுதியில் ஃபார்மலின் பிணைக்காத புரதத்தைக் கருவியிலுள்ள ஆல்கஹால் திரளவைக்கும். பிறகு நிறமேற்றும்போது ஓரம் பழுப்பாகும், நடு வெளுத்துக் கிடக்கும்.

ஃபார்மலின் என்று எதையோ ஊற்றுவதும் நடக்கிறது. கடையில் வருகிற சரக்கு ஏறக்குறைய 40 சதம். அதில் 100 மி.லி. எடுத்து 900 மி.லி. காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து, லிட்டருக்கு 4 கிராம் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டும் 6.5 கிராம் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டும் போட்டால்தான் அது நடுநிலை ஃபார்மலின். இந்த இரண்டு உப்பும் மலிவுதான், ஆனால் இவற்றை விட்டுவிட்டு போர்த் தண்ணீரில் கலந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. நாள்பட நாள்பட அது புளித்து அமிலமாகும். ஸ்லைடில் கறுப்புத் தூளாகப் படியும். மார்க்கர் முடிவும் நம்பத்தகாததாகும். இதைவிட மோசம் கைக்கெட்டிய சலைன் பாட்டிலை ஊற்றி அனுப்புவது. அது பதப்படுத்தவே செய்யாது. சங்கரன்கோவிலிலிருந்து பஸ்ஸில் திருநெல்வேலிக்கு வந்து சேருவதற்குள் கட்டி அழுகத் தொடங்கிவிடும்.

துண்டு போடு என்றால் அறுவை மருத்துவர் தயங்குவார். அவர் பயத்தில் நியாயம் உண்டு. கண்டபடி வெட்டினால் ஓரம் எது, அடி எது என்று பிறகு தெரியாது. அதனால் முதலில் நூல் முடிச்சு: மேல் பக்கத்துக்குக் குட்டை நூல், வெளிப் பக்கத்துக்கு நீள நூல். பிறகு அடிப்பரப்புக்கு மை. அதன்பின் அடியிலிருந்து கட்டியின் நடுவழியாகக் கீறல். மார்பை முழுதாக எடுத்தவர்களுக்கு இது சரிவரும். கட்டியை மட்டும் எடுத்த ஆபரேஷனில் நோயியல் மருத்துவர் இல்லாமல் கத்தி வைக்காமல் இருப்பதே நல்லது. அதை அப்படியே, சீக்கிரமாக, ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் ஐஸ் பெட்டி உதவும், ஆனால் உறைந்துவிடக் கூடாது.

ஓரத்தில் ஒரு நல்ல குழாய்

இத்தனைக்குப் பிறகு வந்த ‘ஈஆர் நெகட்டிவ்’ உண்மையா, பாட்டிலின் வேலையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் மிக அழகாகத் தோன்றுவது இந்த இடம்தான். திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையிலிருந்து 3, 4 மைக்ரான் கனத்துக்குச் சீவி, ஸ்லைடில் ஒட்டி, மெழுகை நீக்கி, சிட்ரேட் கரைசலிலோ டிரிஸ்-இடிடிஏ கரைசலிலோ போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். ஃபார்மலின் போட்ட பூட்டு இந்தச் சூட்டில்தான் கழன்று, புரதம் மறுபடி ஆன்டிபாடிக்குத் தட்டுப்படும். பல கூடங்களில் இதற்கு வைத்திருப்பது நாம் பருப்பு வேகவைக்கிற அதே பிரஷர் குக்கர்தான். பிறகு ஆன்டிபாடி, பிறகு டிஏபி என்கிற சாயம். ஈஆர் இருக்கிற கருக்கள் பழுப்பாகும், மற்றவை நீலமாக நிற்கும். புற்று செல்கள் எல்லாம் நீலமாக நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவசரக்காரர் ‘நெகட்டிவ்’ என்று எழுதிவிடுவார். நிதானமானவர் ஸ்லைடை ஓரத்துக்கு நகர்த்துவார். அங்கே புற்று தொடாத, ஆரோக்கியமான பால்குழாய் ஒன்று கிடக்கும். எந்தப் பெண்ணின் நல்ல குழாயிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்களுக்கு ஈஆர் இருந்தே தீரும். அந்தச் செல்கள் பழுப்பாகியிருந்தால் சாயம் வேலை செய்திருக்கிறது, பாட்டிலும் ஒழுங்காக இருந்திருக்கிறது, புற்றின் நெகட்டிவ் உண்மை. அந்த நல்ல குழாயும் முழுக்க நீலமாகக் கிடந்தால் அந்த ஸ்லைடு எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம். அதை நெகட்டிவ் என்று எழுதுவது, மைக் வேலை செய்யாத மேடையில் பேச்சாளர் வாயே திறக்கவில்லை என்று சேதி போடுகிற மாதிரி.

இந்த ஒன்றைச் சரியாகப் பார்க்காததால் ஒரு மாகாணமே கலங்கியிருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 2005-இல், முன்பு ஈஆர் நெகட்டிவ் என்று சொல்லப்பட்ட ஒரு பெண்ணின் திசு மறுபரிசோதனையில் பாசிட்டிவ் ஆக வந்தது. தோண்டித் துருவினார்கள். 1997 முதல் 2005 வரை செய்த சோதனைகளை டொரன்டோவுக்கு அனுப்பி மறுபடி பார்த்ததில் 380-க்கும் மேற்பட்டவர்களுக்கு முடிவு தவறு. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்து 2009-இல் அறிக்கை வந்தது. பணக்கார நாட்டில், பெரிய மருத்துவமனையில் நடந்த கதை இது. ‘இந்தியப் பெண்களுக்கு ஈஆர் குறைவு, ஈஆர், பிஆர், ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ் ஆன நோய் அதிகம்’ என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஓரத்துக் குழாய் ஞாபகம் வரும். நம் பெண்கள் இளம் வயதிலேயே நோய்க்கு ஆளாவது ஒரு காரணமாக இருக்கலாம். மீதியில் எவ்வளவு பாட்டிலின் பங்கு என்று பிரித்துப் பார்க்காமல் மரபணுவின் மேல் பழி போடக் கூடாது.

ஓரத்துக் குழாய் இல்லாமலே சந்தேகப்பட வேண்டிய முடிவுகளும் உண்டு. கிரேடு 1 கட்டி, அல்லது லோபுலார், டியூபுலார், மியூசினஸ் வகைக் கட்டி என்று மேல் வரியில் எழுதிவிட்டு, கீழ் வரியில் ஈஆர் நெகட்டிவ் என்றால், இவை வழக்கமாக ஈஆர் பாசிட்டிவ் ஆக இருப்பவை என்பதால், இரண்டில் ஒன்று தப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஈஆர் நெகட்டிவ், பிஆர் மட்டும் பாசிட்டிவ் என்பதும் அப்படித்தான். திரும்பப் போட வேண்டும். ‘ஈஆர் 5 சதம்’ என்று, அதாவது நூறு புற்று செல்லில் ஐந்துக்கு நிறமேறியது என்று, வந்தால் பழைய பழக்கத்தில் நெகட்டிவ் என்று தள்ளிவிடக் கூடாது. முன்பு 10 சதம் என்று பல இடங்களில் வைத்திருந்த கோட்டை 2010-இல் ஒரு சதத்துக்கு இறக்கிவிட்டார்கள். 2020-இல், 1 முதல் 10 வரை உள்ளதை ‘குறைந்த பாசிட்டிவ்’ என்று தனியாக எழுதச் சொன்னார்கள்.

மற்ற இரண்டு வரிகள்

செல்லைப் பெருகத் தூண்டும் புரதமான ஹெர்-2 பற்றிக் கொஞ்சம் போதும். 1987-இல் டென்னிஸ் ஸ்லாமன் குழு 189 கட்டிகளில் பார்த்து, இதற்கான மரபணு பெருகிக் கிடக்கிறவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று கண்டது. வெறும் கெட்ட சேதியாக வந்த மார்க்கர். 1998-இல் ஹெர்-2வைக் குறிவைக்கும் டிராஸ்டுஸுமாப் வந்தபின் அதே மார்க்கர் மருந்துக்கு வாசலானது. நிறமேறிய அளவுக்கு ஆய்வறிக்கையில் போடும் எண் 3+ என்றால் பாசிட்டிவ், 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ், 2+ என்றால் தெரியாது. அந்த 2+ஐக் கையில் வைத்துக்கொண்டு ‘கொஞ்சம் பாசிட்டிவ்’ என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. ஃபிஷ் என்கிற மரபணுச் சோதனைக்கு அதே மெழுகுக் கட்டையை அனுப்ப வேண்டும். இதற்கு வெளியூருக்கு அனுப்ப வேண்டியிருந்தால், சீவி வைத்த ஸ்லைடுகள் ஆறு வாரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கேஐ-67 என்பது பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் சதவீதம். ஜெர்மனியின் கீல் நகரத்தில் கண்டுபிடித்த ஆன்டிபாடி, வரிசையில் 67-ஆவது குழியில் இருந்ததால் இந்தப் பெயர். 14 சதம் கோடு என்றார்கள், பிறகு 20 என்றார்கள். ஒரே கட்டியை இரண்டு கூடத்தில் எண்ணினால் இரண்டு எண் வரும், ஒரே ஆள் காலையிலும் மாலையிலும் எண்ணினாலும் வரும். எங்கே எண்ணுவது? நிறமேறிய செல்கள் நெருக்கமாகத் தெரிகிற மூலையிலா, சராசரியாகப் பரவலாகவா? எண்ணியது 100 செல்லா, 500-க்கு மேலா? அறிக்கையில் இது எதுவும் இருக்காது, ‘18 சதம்’ என்று மட்டும் இருக்கும். இதற்கென்றே அமைந்த பன்னாட்டுக் குழு கடைசியில் 2021-இல் நியாயமான ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்தது: 5-க்குக் கீழே இருந்தால் நம்பு, 30-க்கு மேலே இருந்தால் நம்பு, நடுவில் இருப்பதை வைத்துக் கீமோவைத் தீர்மானிக்காதே. ஆனால் கட்டிகளில் பெரும்பகுதி அந்த நடுவில்தான் விழுகிறது.

அந்த நடுவைப் பிரிக்கத்தான் மரபணுத் தொகுப்புச் சோதனைகள் வந்தன. 21 மரபணுக்களைப் பார்த்து 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுகிற ஆன்கோடைப் டிஎக்ஸ், 2018-இல் 10,273 பெண்கள் பங்குகொண்ட ஆய்வின் முடிவில், நெறிக்கட்டிக்குப் பரவாத ஈஆர் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் நோயில் பலருக்குக் கீமோ தேவையில்லை என்று காட்டியது. நல்ல ஆராய்ச்சி, சந்தேகமில்லை. ஆனால் செலவு லட்சங்களில். பெங்களூரில் உருவான கேன்அசிஸ்ட் ஐந்து புரதங்களை நம் சாதாரண நிறமேற்றும் முறையிலேயே பார்த்துக் கணக்குப் போடுகிறது, செலவு குறைவு. இரண்டுமே ஈஆர் பாசிட்டிவ் என்று ஏற்கெனவே முடிவானவர்களுக்கு மட்டும்தான். ஹார்லிக்ஸ் பாட்டிலில் நெகட்டிவ் ஆகிப்போனவருக்கு இந்தக் கதவே திறக்காது.

ஆகவே ஆபரேஷனுக்கு முன் ஊசியால் எடுக்கிற சதை டெஸ்டைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். 14-ஆம் நம்பர் ஊசியில் வருகிற துண்டு நூல் கனம்தான். எடுத்த நொடியே ஃபார்மலினில் விழுகிறது. ஆறு மணி நேரத்தில் நடுவரை ஊறிவிடும். ஈஆரும் ஹெர்-2வும் அதிலேயே போட்டுவிட்டால் தியேட்டரில் பிறகு என்ன நடந்தாலும் ஒரு நம்பகமான முடிவு கையில் இருக்கும். ஊசித் துண்டில் பாசிட்டிவ், பெரிய மார்பில் நெகட்டிவ் என்று வந்தால், பெரியதை நம்புகிற வழக்கத்தை விட்டுவிட்டு முதலில் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் பிள்ளை பிளாஸ்டிக் கவரைத் திறந்து இரண்டாவது தாளை நீட்டினால், ஈஆர் வரிக்குக் கீழே உள் கட்டுப்பாடு பற்றி, அதாவது அந்த ஓரத்துக் குழாய் பற்றி, ஒரு வரி இருக்கிறதா என்று தேட வேண்டும். ‘இருந்தது, நிறமேறியது’ என்றால் சரி. அந்த வரியே இல்லாமல் மூன்றும் நெகட்டிவ் என்றிருந்தால், சித்தியின் ஊசித் துண்டு மெழுகுக் கட்டை முதலில் பார்த்த ஊரில் எந்த நம்பரில் இருக்கிறது என்று விசாரித்து, கடிதம் கொடுத்து வாங்கிவரச் சொல்ல வேண்டும். பஞ்சில் பொதிந்து, சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தால் போதும். கார் கண்ணாடி ஓரத்தில் வெயில் படுகிற இடத்தில் மட்டும் வைக்கக் கூடாது. அந்த மெழுகு 60 டிகிரிக்குள் உருகிவிடும்.